இரண்டாம் கதவு

ஹால்வர்சன் சார் வெள்ளி ஜிகினாக் கோட்டை மாட்டிக்கொண்டார். தோள்பட்டையில் பாதி ஜிகினா ஏற்கெனவே உதிர்ந்துவிட்டிருந்தது.

மைக்குக்குப் பதிலாகக் கையில் முட்டை அடிக்கும் கரண்டி.

வெள்ளிக்கிழமைதோறும் இந்தக் கூத்து. கணக்கில் இரண்டு முறை கோட்டைவிட்ட ஒன்பது பேருக்கும் டிவி போட்டி நடத்தியே கணக்கைப் பிடிக்கவைத்துவிடுவாராம். வேறு ஆளிடம் போய்ப் படிக்கவும் வழியில்லை. வடக்கு டகோட்டாவின் அந்த ஊருக்கு ஒரே பள்ளி, பள்ளிக்கு ஒரே கணக்கு வாத்தியார்.

கோரின் மூன்றாவது வரிசையில் கன்னத்தில் கையூன்றி உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்திரண்டு வயது ஆள் இப்படித் துள்ளுவதைப் பார்க்க மற்றவர்களுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்குக் கூசியது.

ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி மூன்று கதவுகள் செய்திருந்தார். இரண்டின் பின்னால் ஆட்டுப் படம். ஒன்றின் பின்னால் ஓர் உறை.

இன்றைக்கு உறைக்குள் பத்து மதிப்பெண்.

கோரின் தேற எட்டு குறைந்தது. அது கிடைக்காவிட்டால் மே மாதம் மற்றவர்கள் பள்ளி முடித்து அங்கியும் தொப்பியுமாக மேடை ஏறும்போது அவள் கீழே நிற்க வேண்டும். அப்புறம் ஜூன் முழுக்க இதே அறை, இதே கோட்டு.

"அடுத்த போட்டியாளர், நம்ம கோரின்."

அவள் எழுந்துபோய் ஒன்றாம் கதவைக் காட்டினாள்.

போட்டி விதிப்படி, அவள் காட்டாத இரண்டில் ஒன்றான மூன்றாம் கதவை சார் திறந்தார். ஆடு.

"நாய்க்குக் கொம்பு முளைச்சிருக்கு சார்" என்றான் பாய்ட்.

"வரைஞ்சவனைக் கிண்டல் பண்ணாதடா. கோரின், ஒண்ணுலயே நிக்கிறியா, ரெண்டுக்கு மாறுறியா?"

போட்டி நடத்துகிறவருக்கு எது எங்கே இருக்கிறது என்பது முன்பே தெரியும். தெரியாத மாதிரி நடிப்பதுதான் அவருடைய வேலை. சார் அதில் கெட்டிக்காரர். குரல் மாறாது, சிரிப்பு மாறாது. ஆனால் எதை மறைக்கிறாரோ அந்தப் பக்கம் மட்டும் அவர் பார்வை போகாது.

அந்த அறையில் இது தெரிந்தவள் கோரின் ஒருத்திதான்.

சார் ஒன்றாம் கதவைப் பார்த்தார். திறந்த கதவைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பனி மூடிய வண்டிகளைக்கூடப் பார்த்தார்.

இரண்டாம் கதவைப் பார்க்கவில்லை.

உறை அங்கேதான். இதற்குக் கணக்கு எதற்கு?

"மாறு, கோரின். லூசா நீ?" என்றான் பாய்ட். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். மாறு, மாறு.

சார் கரண்டியை வாயருகே கொண்டுபோனார். "முதல்ல எடுத்துட்டோம்ங்கறதுக்காக அதையே கட்டிக்கிட்டு அழணுமா? மாறுறவங்கதான் ஜெயிக்கிறாங்க. நான் சொல்லல, கணக்கு சொல்லுது."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார்கள். மேசை தட்டும் சத்தமும் நின்றது.

சாருக்கு அது உறைத்த மாதிரி தெரியவில்லை.

"நான் மாறல, சார்."

அவர் ஒன்றாம் கதவைத் திறந்தார். ஆடு. இரண்டாம் கதவைத் திறந்தார். உறை.

அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பலகையில் மூன்றில் இரண்டு என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார். நிற்பவன் மூன்று தடவைக்கு இரண்டு தடவை தோற்பான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா என்றார். உதாரணம் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

மணி அடித்தது. மற்றவர்கள் போனார்கள். சார் கோட்டைக் கழற்றி உதறினார். தரையெல்லாம் ஜிகினா.

"சனிக்கிழமை ஆறு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். புது வீட்டுல ரோண்டா உனக்குன்னு தனியா ஒரு ரூம் ஒதுக்கி வச்சிருக்கா. உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு."

பலகையைப் பார்த்தபடி சொன்னார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். பிறகு கரண்டியை.

"மணிதான் அடிச்சாச்சே. இப்பவாவது அப்பான்னு கூப்பிடலாம்ல."

கோரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சரி, சார்" என்றாள்.