வானொலிக்கு வாய்ப்பூட்டு

மேரிசெல்வி பேச்சை நிறுத்திப் பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது. பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து இப்படி ஒரு சம்பவம் அவள் வாழ்க்கையில் நடந்ததே இல்லை.

கொல்லைப்புற வேலியோரம் நின்று ரேடியோ மெக்கானிக் ஜஹாங்கீர், அவள் அம்மா சவரியம்மாளிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்.

“யக்கா, நேத்து சாயந்திரத்துலேர்ந்து ஸ்டேஷன் செத்துக் கெடக்குது. போலீஸ் வந்து மிஷினத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு பஜாரே பேசுது. உம் பொண்ண ஒரே ஒரு வணக்கம் மட்டும் சொல்லச் சொல்லுக்கா.”

“இன்னிக்கு அவ ஊமைன்னு வச்சுக்க. போ தம்பி” என்றார் சவரியம்மாள்.

போலீஸ் பயம் நியாயமானதுதான். ஜஹாங்கீர் தன் கடை மாடியில் நடத்திய குட்டி எஃப்.எம். நிலையத்துக்கு லைசென்ஸ் கிடையாது. அதில் பேசுவது யார் என்று வெளியூர்க்காரர் எவர் கேட்டாலும், ‘எங்களுக்குத் தெரியாது’ என்று தெருவே சாதித்துவிடும். பிறந்தநாள் பாட்டு, காணாமல் போன ஆடு, உப்பளத்துக்கு மழை எச்சரிக்கை, எல்லாவற்றுக்கும் மேரிசெல்வியின் ஒரே வாய்தான்.

அந்த வாய்க்கு அம்மா போட்ட பூட்டுக்குக் காரணம், கூனிமேட்டிலிருந்து பெண் பார்க்க வரும் அந்தோணியம்மாள். இங்கே மரக்காணத்தில் சொந்தமாக உப்புப் பாத்தி, மகனுக்கு ஐஸ் ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன் வேலை. நல்ல இடம். ஆனால் ஒரே மாதத்தில் இந்த ஊரில் மட்டும் ஆறு பெண்களை வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

தரகர் ராஜாங்கம் முன்தினமே வந்து எச்சரித்திருந்தார். “நகை கேக்கல, நெறம் பாக்கல. ‘ரெண்டு வார்த்த பேசும்மா’ன்னு சொல்லிட்டு கண்ண மூடிக்குது. பொண்ணு வாயத் தொறந்ததும் எழுந்து போயிடுது. வாயாடின்னாலே அந்தம்மாவுக்கு ஆவாது போல.”

சவரியம்மாள் அந்த நிமிடமே சட்டம் போட்டார். வீட்டில் பேச்சு கூடாது, ரேடியோவில் கூடவே கூடாது. வழியில் டீக்கடையில் குரலைக் கேட்டுவிட்டு வந்தால் குட்டு உடைந்துவிடுமே!

ஞாயிறு பூசை முடிந்து பதினோரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். கதவிடுக்கில் மாப்பிள்ளையைப் பார்த்த மேரிசெல்விக்கு உச்சி குளிர்ந்தது. இந்தச் சிரிப்புக்காகப் பதினாறு மணி நேரம் என்ன, பதினாறு நாள்கூடப் பேசாமல் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். நாக்கு மட்டும் நமநமவென்று அரித்தது.

காபித் தட்டோடு வந்தவளிடம் அந்தோணியம்மாள் கேட்டார். “பேரு என்னம்மா?”

மேரிசெல்வி சிரித்தாள். பெயரைத் தரகர் சொன்னார்.

“என்ன படிச்சிருக்க?”

மறுபடி சிரிப்பு. “பிளஸ் டூ” என்றார் சவரியம்மாள்.

“நீயே ரெண்டு வார்த்த பேசேன் தாயி.”

மேரிசெல்வி தலை குனிந்துகொண்டாள். அந்தோணியம்மாளின் முகம் தொங்கிப்போனது.

“ரொம்ப அடக்கமான பொண்ணுங்க” என்று பெருமையாகச் சொன்னார் அம்மா.

காலி டம்ளர்களோடு தாயும் மகளும் உள்ளே போனபோது, சமையல்கட்டு ஜன்னலில் மறுபடி ஜஹாங்கீர் மூச்சிரைத்தார்.

“யக்கா, கடல்ல மழ புடிச்சுக்கிச்சாம். போட்டுக்காரங்க போன் பண்றாங்க. அரை மணி நேரத்துல இங்க வந்துடும். ஞாயித்துக்கெழம, உப்பளத்துல ஒரு ஆளு இல்ல. குவிச்ச உப்பு மொத்தமும் ஓலை மூடாம தொறந்து கெடக்குது!”

“நீயே சொல்லேன்பா!”

“நான் சொன்னா யாருக்கா நம்புவாங்க? போன தடவ மழன்னு சொன்னேன், நாலு நாளு வெயில் காஞ்சுது.”

மேரிசெல்வி கூடத்தைப் பார்த்தாள். மாப்பிள்ளை அழகாகத்தான் இருந்தான். ஜன்னலுக்கு வெளியே கிழக்கு வானம் கறுத்திருந்தது. தெருவில் பாதிப் பேரின் ஒரு வார உழைப்பு அங்கே வெட்டவெளியில் கிடந்தது.

தட்டை அம்மா கையில் திணித்தாள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலியைத் தாண்டி ஓடியேவிட்டாள்.

“பொண்ணு எங்கங்க?” என்றார் அந்தோணியம்மாள்.

“மொகம் கழுவுதுங்க” என்று சவரியம்மாள் சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்து வீட்டு ரேடியோ உயிர் பெற்றது.

“வணக்கம் மரக்காணம்! கடல்லேர்ந்து மழ கெளம்பிடுச்சு, அரை மணி நேரந்தான் டைம்! கறிக்கொழம்பு கொதிக்குதுன்னு பாக்காதீங்க, அடுப்ப அணைங்க! ஓலையத் தூக்குங்க, ஓடுங்க! செல்லப்பண்ணே, தூங்குனது போதும், எழுந்திரிங்க!”

பூட்டி வைத்த பேச்செல்லாம் மூச்சுவிடாமல் கொட்டியது. அடுத்த நிமிடம் தெரு முழுக்க ஓட்டம். ஓலைக்கட்டோடு ஒருவர், பாதி ஷேவ் செய்த முகத்தோடு ஒருவர், கரண்டியைக் கீழே வைக்க மறந்து ஒரு பெண். மாப்பிள்ளையும் வாசலில் பைக்கை உதைத்துக்கொண்டு பாத்திக்குப் பறந்தான்.

அந்தோணியம்மாள் மட்டும் கண்களை மூடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“இது யாரு பேசுறது?”

சவரியம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. இனி மறைத்து என்ன பயன்?

“எம் பொண்ணுதாங்க. மன்னிச்சுக்குங்க. அதுக்கு வாய் கொஞ்சம் நீளம்.”

அந்தோணியம்மாள் எழுந்து வந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“போன மாசம் என் உப்பக் காப்பாத்துன கொரலு சம்பந்தி இது. இதத் தேடித்தான் ஆறு வூடு ஏறி எறங்குனேன்!”