திருப்பிவிட்ட தண்ணீர்

பவர்ஹவுஸ் வாசலிலேயே இந்திராணி கத்த ஆரம்பித்துவிட்டாள்.

"சுதாகர் பாய், ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு பிரசவ வலியில கெடக்கா. மோட்டார் ஓடல, வார்டுக்குச் சொட்டுத் தண்ணி ஏறல. ஃபீனிக்ஸ் பே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்னா கப்பலும் இல்ல. நீங்க கரண்ட்ட நிறுத்திட்டு சாய் குடிக்கிறீங்க?"

"இன்ஜின் சூடேறி நின்னுருச்சு."

"தண்ணி விட்டு ஆத்தத் தெரியாதா? இதுக்கா சர்க்கார் சம்பளம்?"

"எங்களுக்கு வர்ற ஓடைத் தண்ணியக் காலையில ஆஸ்பத்திரித் தொட்டிக்குத் திருப்பிட்டாங்க."

"எந்த அறிவுகெட்ட ஜென்மம் திருப்புச்சு?"

சுதாகர் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"வாட்டர் சப்ளை இன்ஜினியர் நீங்கதானே, மேடம். ஆர்டர் உங்களோடது."

"வார்டுக்குத் தண்ணி குறையக் கூடாதுன்னுதான்..." குரல் இறங்க, அவசரமாகப் போனை எடுத்தாள். "வால்வைத் திறக்கச் சொல்றேன்."

"போன் டவரும் நம்ம கரண்ட்லதான் ஓடுது, மேடம்."

இந்திராணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வால்வைத் தானே திறக்க ஓடைப் பக்கம் ஓடினாள்.