சுவருக்குப் போக இருந்த கிதார்

“உண்மையைச் சொல்லிடறேன் அண்ணே. இது இடதுகைக்காரங்களுக்குன்னு செஞ்சது. வாங்கிட்டுப் போய்ட்டு நாளைக்கு வந்து என்னைத் திட்டக் கூடாது.”

பழைய சாமான் கடைக்காரர் இப்படிச் சொன்னதும் வந்தவர் தலையை மட்டும் ஆட்டினார். கைப்பேசியில் படத்தைப் பார்த்தபோதே அவருக்கு அது தெரியும். தெரிந்துதான் மனைவியையும் கூட்டிக்கொண்டு இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். தகடு வெட்டும் தொழிற்சாலையில் முன்பு மெஷினில் நின்றவர். இப்போது வாசலில் உட்கார்ந்து லாரிகளுக்குச் சீட்டு எழுதுகிறார். வாரத்தில் அவருக்குக் கிடைக்கிற ஒரே விடுமுறை இன்றைக்குத்தான்.

ஒரு துணி துவைக்கும் மெஷினுக்கும் கட்டிப்போட்ட மின்விசிறிகளுக்கும் நடுவில் அந்த எலெக்ட்ரிக் கிதார் சாய்ந்து நின்றது. அடர்ந்த சிவப்பு. ஓரத்தில் கொஞ்சம் வண்ணம் பெயர்ந்திருந்தது. யாரோ காலி செய்த வீட்டிலிருந்து இரண்டு கட்டில்களோடு வந்து சேர்ந்ததாம். நாலு வருடமாக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதாம். எடுத்துப் பார்க்கிறவர்கள் எல்லோரும், தலைகீழாக இருக்கிறதே என்று வைத்துவிட்டுப் போய்விடுகிறார்களாம்.

“கம்பெனி பேரும் யாருக்கும் தெரியல” என்றார் கடைக்காரர்.

“எனக்குத் தெரியும். அஞ்சாறு வருஷம் செஞ்சுட்டு மூடிட்டாங்க. பேரு வாங்கத் தெரியாத ஆளுங்க. ஆனா மரத்துல ஏமாத்த மாட்டாங்க.”

குனிந்து, கிதாரின் கழுத்து வளைந்திருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். கம்பிகளைத் தொடாமல் பார்வையாலேயே தடவினார்.

“கல்யாணத்தன்னைக்குக்கூட என்னை இப்படிப் பார்க்கல” என்றாள் மனைவி.

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. பேச்சு அவருக்குச் சரளமாகிவிட்டது. தன் அத்தையும் இடதுகைதான் என்றார். பள்ளிக்கூடத்தில் அடித்து அடித்து மாற்றப் பார்த்தார்களாம். அத்தை மாறவில்லை, வாத்தியார்தான் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாறிப் போனாராம். வந்தவர் சிரித்துவைத்தார். மனைவி மின்விசிறிகளை எண்ணுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பதினோரு வருடத்துக்கு முன் அவரிடம் ஒரு கிதார் இருந்தது. கூட்டாளிகள் நாலு பேர் சேர்ந்து ஒரு பாட்டுக் குழுவே வைத்திருந்தார்கள். மெஷின் வேலைக்குப் போன பிறகு எல்லாம் விட்டுப்போயிற்று என்று மனைவிதான் சொன்னாள். “ஆனா விரல் மறக்கல அண்ணே. பஸ்ல போனா ஜன்னல் கம்பியை அழுத்திக்கிட்டே வருவாரு. தூக்கத்துல என் தோள்பட்டைதான் அவருக்குக் கிதார்.”

“போதும்டி” என்றார் அவர், கூச்சத்தோடு.

இடதுகைக் கிதாரைப் பெரிய கடைகளில் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும். விலையைக் கேட்டுவிட்டு இரண்டு முறை படியிறங்கி வந்திருக்கிறார். மூன்று வருடத் தேடலில், அவர் கைக்கு எட்டுகிற விலையில் கண்ணில் பட்டது இது ஒன்றுதான். கடைக்காரர் கேட்டது ஒரு மாதச் சம்பளத்தில் பாதிகூட இல்லை. பேரம் பேசவே தோன்றவில்லை.

அப்போதுதான் கடைக்காரர் இன்னொன்றைச் சொன்னார். எதிரே காபிக் கடை வைத்திருப்பவர் நேற்று வந்து பார்த்துவிட்டு, கூடுதலாகவே தருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். சுவரில் மாட்டத்தான்.

“கம்பியெல்லாம் கழட்டிட்டு, நடுவுல துளை போட்டுக் கடிகாரம் வைக்கப் போறாராம்.”

“கடிகாரமா?” என்றார் அவர்.

“எனக்கும் மனசு ஒப்பல அண்ணே. வாசிக்கிறவர் கைக்குப் போகுதுன்னா சொன்ன விலைக்கே தந்துடறேன். ஆனா இப்படிப் பேசி வாங்கிட்டுப் போய், வெளியில வித்துடறவங்களும் வராங்க. ரெண்டே நிமிஷம் வாசிச்சுக் காட்டுங்க. எனக்கு அது போதும்.”

சொல்லிக்கொண்டே வயரைச் சொருகி, ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியைத் தட்டிவிட்டார். பெட்டி உறுமியது. அந்தச் சத்தத்துக்கே வந்தவரின் கண்கள் கலங்கின. ஆனால் கிதாரை எடுக்கவில்லை. பழக்கம் விட்டுப்போயிற்று, வீட்டில் போய் மெதுவாக வாசித்துக்கொள்கிறேன், நடுத்தெருவில் எப்படி என்று எதையெதையோ சொன்னார்.

கடைக்காரரின் முகம் மாறியது. கைப்பேசியை எடுத்தார். “அப்போ அவருக்கே சொல்லிடறேன். தப்பா நினைச்சுக்காதீங்க.”

“எத்தனை நாளைக்குங்க இப்படியே?” என்றாள் மனைவி, தாழ்ந்த குரலில். பதிலுக்குக் காத்திருக்காமல் கிதாரைத் தூக்கி, வாரை அவர் தோளில் மாட்டிவிட்டாள். கிதாரின் கழுத்து அவருடைய வலப்பக்கம் நீண்டது. வலது கை விரல்கள் தாமாகவே போய்க் கம்பிகளின் மேல் இடம் தேடி உட்கார்ந்தன.

கடைக்காரர் கைப்பேசியைக் கீழே வைத்தார். “பிடியிலயே தெரியுதே. பொறவியிலயே இடதுகைதான்.”

“நான் இடதுகைக்காரன் இல்லைங்க” என்றார் அவர்.

மனைவி தன் பையைத் திறந்து, கம்பியை மீட்டுகிற பிளாஸ்டிக் வில்லையை வைத்துத் தைத்த தோல் பட்டை ஒன்றை எடுத்தாள். கடைக்குள் நுழைந்ததிலிருந்து கால்சட்டைப் பைக்குள்ளேயே இருந்த அவருடைய இடது கையை மெல்ல வெளியே இழுத்து, முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு, மெஷின் வெட்டி எடுத்ததுபோக மணிக்கட்டோடு முடிந்திருந்த அந்தக் கையில் பட்டையை இறுக்கிக் கட்டினாள்.