பசுங்குடிலின் பூட்டு

மூன்றாம் முறையும் கடவுச்சொல் தவறென்று திரை மறுத்தது.

பதினான்கு மாதங்களுக்கு முன்பும் இப்படித்தான் மறுத்தது. சூச்சிங் அதை மறந்தவளல்லள்.

அன்றும் இதே ஆர்க்கிட் குடில்; செடிகளுக்கு நீர்ப்புகை தெளிக்கும், இங்கிலாந்தில் உருவான, உள்ளங்கையளவே ஆன இதே கணினி. கணவர் தியென்சாயுடன் சண்டையிட்டுத் தாய்வீடு போயிருந்தவள், புயல் ஓய்ந்த மறுநாள், அவர் சந்தைக்குப் போயிருந்த வேளையில், மனம் பொறாமல் திரும்பி வந்திருந்தாள். இருவரும் சேர்ந்து வைத்த கடவுச்சொல்லைத் தட்டினாள்: அவள் பெயர், ஒரு @ குறி, திருமண நாள்.

திறக்கவில்லை.

மாற்றிவிட்டார்; இனி தனக்கு இங்கே இடமில்லை என்று எடுத்துக்கொண்டாள். அவர் வருமுன் பேருந்தேறிவிட்டாள்.

இப்போது அவரே இல்லை. நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்து, அவருடைய தம்பி வென்பினோடு குடிலைக் காலி செய்ய வந்திருக்கிறாள்.

கணினியின் தலைமேல் பச்சைத் தின்பண்டப் பை ஒன்று அமர்ந்திருந்தது. இயந்திரம் சொன்னபடி கேட்பதற்காகத் தைவானில் எல்லாரும் வைப்பதுதான். காலாவதியான பையை வைத்தால் அது முரண்டு பிடிக்குமாம்; அதனால் சில மாதங்களுக்கொருமுறை புதுப் பை வாங்கி மாற்ற வேண்டும்.

வென்பின் திரையை உற்றுப் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணி, மணியைப் பாருங்க. இங்க பகல் பதினொண்ணு, இது விடியக்காலம் மூணுங்குது. புயல்ல கரண்ட் போய் வந்ததுல தைவானையே மறந்துட்டு, பொறந்த ஊரு நெனப்புல லண்டன்ல உக்காந்திருக்கு!"

கடிகாரம் மட்டுமன்று, விசைப்பலகையும் அவ்வூர் முறைக்கு மாறியிருந்தது. @ குறியின் இடத்தில் வேறொரு குறி விழுந்துகொண்டிருந்தது. கடவுச்சொல்லைத் திரை காட்டுவதில்லையாதலால், அது யார் கண்ணிலும் படவில்லை.

@ குறிக்கு அவன் காட்டிய வேறு பொத்தானை அழுத்தினாள். அதே பெயர், அதே நாள்.

திறந்தது.

சூச்சிங்கின் விரல்கள் விசைகளின் மேலேயே நின்றுவிட்டன.

"அப்போ, உங்க அண்ணன் இதை மாத்தவே இல்லையா?"

வென்பினின் சிரிப்பு அடங்கியது.

"அவரா? நீங்க வந்துட்டுப் போனதைப் பக்கத்துத் தோட்டத்துக்காரங்க சொன்னாங்க. ஓடி வந்து பார்த்தா, அவருக்கும் இது திறக்கல. நீங்கதான் மாத்திட்டுப் போயிட்டீங்கன்னே நெனச்சாரு அண்ணி. 'அவ பூட்டினது, அவளே வந்து திறக்கட்டும்'னு என்னைத் தொடக்கூட விடல. கடைசி வரைக்கும் கையாலதான் தண்ணி தெளிச்சாரு."

மேலே குழாய்கள் சீறின. செடிகள் போய்விட்ட வெற்றுத் தட்டுகளின்மேல் நீர்ப்புகை மெல்ல இறங்கியது.

அவள் பச்சைப் பையை எடுத்துத் திருப்பினாள்.

காலாவதியாக இன்னும் மூன்று மாதம் இருந்தது.