ஏழாம் சேனல்

யுத்தம் முடிந்ததற்கு நன்றி ஆராதனை என்று கல்லடிச் சபையொன்றில் பெரிய எடுப்பு. புதிய தொண்டர்களுக்கு யூடித் சவுண்ட் மிக்சர் பழக்கிக்கொண்டிருந்தாள். கோட்டும் தானுமாய் வந்த பாஸ்டர் மைக்கைப் பிடித்து முழங்கினார்:

"சுனாமியிலயும் நம்மட சாமான் ஒண்டும் போகல்ல. கர்த்தர் காத்தார்!"

யூடித்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடல் உள்ளே வரும்போது, மைக் பெட்டியை எடுத்து வரச்சொல்லி அவளுடைய அண்ணன் ரூபனைத் திருப்பி அனுப்பியவர் இவர்தான். பெட்டி தாழம்புதரில் பத்திரமாகக் கிடைத்தது. ரூபன் கிடைக்கவில்லை. ஐந்து வருடமாகப் பாஸ்டர் அவன் பெயரை எடுத்ததேயில்லை.

மிக்சரின் ஏழாம் சேனலில் விளக்கு ஏறியது. அதில் வயரே செருகியிருக்கவில்லை. ஸ்பீக்கரில் ரூபன் மூச்சிரைக்கக் கேட்டான்:

"பாஸ்டர், பெட்டிய எடுத்திட்டன். இனி வரட்டா?"

பாஸ்டர் கையிலிருந்த மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"பதில் சொல்லுங்க பாஸ்டர்," என்றாள் யூடித். "உங்கட மைக் ஓனிலதான் இருக்கு."