எதிர்க் கதவில் ஒரு சீட்டு

ஃபெர்கஸின் கையில் சுற்றியிருந்த பிரஷர் பட்டையை நோலீன் அவிழ்த்தாள். வில்காரா ஊரின் ஒரே மருந்துக்கடை அவளுடையது.

“நூத்தித் தொண்ணூத்தஞ்சு. நெஞ்சு வலி எப்போலேருந்து?”

“ஞாயித்துக்கிழமை ஆட்டைப் பிடிச்சு லாரியில ஏத்துனதுலேருந்து. வாயுவா இருக்கும். ஒரு மாத்திரை குடுங்க, போறேன்.”

“வாயுவாம்! டாக்டர்கிட்ட காட்ட வேண்டியதுதானே?”

“எதிர் கிளினிக்லயா? அங்க மூணு வாரத்துக்கு இடமே இல்ல. அடுத்த டாக்டர் இருநூறு கிலோமீட்டர் தள்ளி.”

“எதிர்ல இருக்கிற மனுஷன்தான் போன வருஷம் ஊர்க் கூட்டத்துல எழுந்து, மருந்துக்கடையில பிரஷர் பாக்குறத நிறுத்தணும்னு கத்தினாரு.”

“மடப்பய,” என்றார் ஃபெர்கஸ், நெஞ்சைத் தேய்த்தபடி.

நோலீன் ஓர் ஆஸ்பிரின் மாத்திரையைக் கொடுத்து மென்று தின்னச் சொன்னாள். விமான ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

“நாப்பது நிமிஷத்துல வந்துடும். அசையாதீங்க.”

“அசையல. ஒரு காகிதம் குடுங்க.”

அவர் நாலு வரி எழுதி மடித்துக் கொடுத்தார்.

விமானம் கிளம்பிய பிறகு நோலீன் சாலையைக் கடந்து, அந்தச் சீட்டைக் கிளினிக் கதவில் ஒட்டினாள். காலையிலிருந்து வாசலில் காத்திருந்த ஏழு பேரும் அதை உற்றுப் பார்த்தார்கள். தலையைச் சாய்த்தும் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஓர் எழுத்துகூடப் புரியவில்லை.

“என்னம்மா கிறுக்கியிருக்கு?”

“டாக்டருக்கு உடம்பு சரியில்லையாம். அவர் திரும்பி வர்ற வரைக்கும் பிரஷர் பாக்க எல்லாரும் மருந்துக்கடைக்குப் போகணுமாம்,” என்றாள் நோலீன்.

ஏழு பேரும் சாலையைக் கடந்து மருந்துக்கடைக்கு நடந்தார்கள். டாக்டர் ஃபெர்கஸின் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.