திறப்பு விழாத் தண்ணீர்

மேடைக்குப் பின்னால், தலைவர் சிரிக்கும் பேனரின் முதுகை ஒட்டிக் குந்தியிருக்கிறான் அந்தத் தெருவின் குழாய் ரிப்பேர்க்காரன். பக்கத்தில் தண்ணீர் நிரப்பிய நீல டிரம். அதிலிருந்து மேடைக் குழாய்வரை ஓடும் ரப்பர் குழாயின் வால்வில் அவன் கை இருக்கிறது. தெருவுக்கடியில் பதித்த குழாயில் இன்னும் காற்றுதான் வருகிறது. போன தேர்தலில், "நம்ம தலைவர் வந்தா வீட்டுக்குள்ளயே தண்ணி வரும்" என்று அடித்துச் சொல்லி, மனைவியையும் ஓட்டுப் போட வைத்தவன் அவன். கைதட்டல் கேட்கிறது, வால்வைத் திருகுகிறான். தலைவர் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, மழையையே பெற்றெடுத்தவர்போல் நெஞ்சை நிமிர்த்துகிறார். பேனரின் கிழிசல் வழியே, முதல் ஆளாகக் குடம் பிடிக்கும் மனைவியின் முகம் தெரிகிறது. கல்யாண போட்டோவில்கூட அவள் இவ்வளவு பல் காட்டவில்லை. கார்கள் கிளம்பிய புழுதி அடங்குவதற்குள் நிறைகுடத்தோடு அவனைத் தேடி ஓடி வருகிறாள். "என்னங்க, நீங்க சொன்னபடியே வந்துருச்சுங்க!" டிரம்மையும் ரப்பர் குழாயையும் பார்த்தவளின் கண், அவன் கையில் வந்து நிற்கிறது. "இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான்... தலைவர் மானம் போயிடக் கூடாதுன்னு கட்சிக்காரங்க கேட்டாங்க" என்கிறான். அவள் இடுப்பிலிருந்து குடத்தை இறக்கி, ஒரு சொட்டும் சிந்தாமல் டிரம்மிலேயே திருப்பி ஊற்றுகிறாள். "சாயங்காலம் அடுத்த தெருவுலயும் திறப்பு விழாவாமே. வச்சுக்குங்க, உங்க தலைவருக்குத் தாகமெடுக்கும்."